டைட்டானியமும் என் ஓரகத்தியும்

டைட்டானியம் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது என் ஓரகத்தியின் வாயிலிருந்துதான். அதனாலேயே அந்த உலோகம் கண்ணில் படுவதற்கு முன்பே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவர்கள் திருப்பதியில், நாங்கள் சித்தூரில். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் மெஷின் ஓட்டியவர்கள். கம்பெனியை மூடியபோது அங்கிருந்த சின்ன மில்லிங் மெஷின்களில் ஆளுக்கொன்றை வாங்கி, ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஒன்று எங்கள் வீட்டின் பின்புறத்தில் தகரக் கொட்டகையில் இறங்கியது. இன்னொன்று அதே லாரியில் திருப்பதிக்குப் போயிற்று. இரண்டும் ஒரே அச்சு. மேலே கட்டர் நின்று சுற்றும். கீழே மேசையில் வைஸ் என்கிற இரும்பு இடுக்கியில் கவ்வியிருக்கும் துண்டை, கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டரிடம் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் வேலை. சொல்லுவதற்கு அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது கை சரியாக விளங்காமல் போனது, கண்ணும் மங்கியது. தம்பிக்கு இடுப்பு போயிற்று. இப்படித்தான் இரண்டு வீட்டிலும் பெண்கள் மெஷின் முன்னால் வந்து நின்றோம். கைச்சக்கரம் எங்கள் கைக்கு வந்து பல வருஷம் ஆகிறது. அன்றிலிருந்தே என் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. தம்பி பொண்டாட்டிக்குக் கை நல்ல கை என்பார் இவர். என்னிடம் சொல்ல மாட்டார். வருகிறவர்களிடம் சொல்லுவார், நான் காபி கொண்டுபோய் வைக்கும்போது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிச்சாட்டூர்ப் பக்கத்துக் கிராமம். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தமிழ் எழுத்து சபையின் ஓய்வுநாள் பள்ளியில் வந்தது. அவள் பத்தாவது பாஸ். எங்கள் சபைக் கோவிலில் நான் கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்காருவேன். அவள் திருப்பதி சபையில் முன்னால் போய் நின்று வேதபாடம் வாசிப்பாள், தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு நாலு பேர் பார்க்காவிட்டால்தான் பேச்சு வராது.

திருப்பதியில் செயற்கைக் கால் செய்கிற ஒருவர் இருக்கிறார். முழங்காலையும் பாதத்தையும் சேர்க்கிற ஒரு சின்ன இணைப்புத் துண்டு அதில் வரும். தீப்பெட்டி அளவுதான் இருக்கும்; நாலு பக்கமும் சாய்வாகச் செதுக்கியிருக்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் நாங்களும் செய்து கொடுப்போம், அவர்களும் செய்து கொடுப்பார்கள். ஒருநாள் ஓரகத்தி போன் செய்து, இனிமேல் அவர் எல்லாவற்றையும் டைட்டானியத்தில் கேட்கப்போகிறார், எடை பாதிதான் இருக்கும், நடக்கிறவர்களுக்கு இடுப்பு வலிக்காது என்று என் வீட்டுக்காரரிடம் அரை மணி நேரம் சொன்னாள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இவர் ‘ஆமாம்மா, ஆமாம்மா’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னோடு அரை மணி நேரம் அவர் பேசி எத்தனை வருஷம் ஆகிறது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கால் செய்கிறவர் எங்கள் இரண்டு வீட்டாரையும் வரச் சொன்னார். வீட்டுக்கு ஐந்து டைட்டானியத் துண்டு கொடுத்தார். கையில் வாங்கினால் சாம்பல் நிறத்தில், காய்ந்த கட்டை போல லேசாக இருந்தது. ஐந்தில் மூன்று நல்லதாகச் செய்து ஒரு மாதத்தில் கொண்டு வர வேண்டும். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவர்களுக்கே முழு வேலையும் என்றார்.

“ரெண்டு கடைக்குக் குடுத்தா ரெண்டு சைஸு வருதும்மா. ஒகே சைஸ் காவாலி, ஒரே சைஸ் வேணும். ஒருத்தர் கை போதும்.”

நான் இவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஓரகத்தி முன்னால் வந்து, அளவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்று தெலுங்கில் கேட்டு, கையில் எழுதிக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது இவர் சொன்னார்: “இது வரலன்னா மெஷின வித்துட்டு போயிடலாம்மே. நம்ம ரெண்டு பேருக்கு இனிமே தனியா இன்னாத்துக்கு? தம்பி மாடில ரூம் கட்டிக்கினு கூப்புட்டுக்கினே இருக்கான்.”

அவர் மாடி என்றார். எனக்கு அவளுடைய சமையலறைதான் கண்முன் வந்தது. அவள் அடுப்பு, அவள் உப்பு டப்பா, அவள் சொல்லுகிற இடத்தில் நான் வெங்காயம் அரிந்துகொண்டு நிற்பது. காலையில் கொட்டகையைத் திறந்து மெஷினைத் துணியால் துடைக்கிற அந்த நேரம் இல்லாமல் நான் எப்படி இருப்பேன்? ஊருக்கெல்லாம் கூச்சப்படுகிறவள் நான். அந்த மெஷின் முன்னால் மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது. அதை அவளிடம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று மடியில் இருந்த ஐந்து துண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் புதுப் புடவையை எடுத்தவுடன் கட்டுகிற பழக்கம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு எடுத்ததை ஈஸ்டருக்குக் கட்டுவேன். அதுவும் முந்தினதன் கரை கிழிந்தால்தான். கட்டரும் அப்படித்தான். புதுக் கட்டர் காகிதத்தில் சுற்றி பீரோவில் புடவைக்கு நடுவில் இருக்கும். பழையதைச் சாணைக்கல்லில் தீட்டித் தீட்டிப் போடுவோம். முதலில் பழையதால் மொத்தமாகச் செதுக்கி, கடைசி மெருகுக்கு மட்டும் புதியது. இரும்புக்கு அது சரியாகவே வந்தது. டைட்டானியம் இன்னும் உசத்தி, ஆகையால் புதுக் கட்டரை இன்னும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். இவரும் அதையே சொன்னார்.

நல்லதாக ஒரு பழைய கட்டரைத் தீட்டிப் போட்டேன். முதலில் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு விரற்கடை போவதற்குள் கட்டர் கத்தத் தொடங்கியது. சீவல் ஊதா நிறமாக வந்தது. சூடு தணிக்க வெள்ளைக் கூலண்டைப் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைத்தேன். சுர் என்று ஆவியானது. நிறுத்திப் பார்த்தால் கட்டரின் நுனி உருண்டுவிட்டது. துண்டின் மேல்புறம் கண்ணாடி போலப் பளபளவென்று இருந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்றுகூட நினைத்தேன். பிறகு பீரோவிலிருந்து புதியதை எடுத்து அந்தப் பளபளப்பின் மேல் வைத்தேன். வைத்த மாத்திரத்தில் அதன் பல் தெறித்தது. இரும்பு வெட்டினால் சூடு சீவலோடு போய்விடும். டைட்டானியம் சூட்டை வாங்கிக்கொள்ளாது. கட்டரின் நுனியிலேயே விட்டுவிடும். மழுங்கிய கட்டர் வெட்டாமல் தேய்க்கும். தேய்த்த இடம் கல்லாக இறுகிவிடும். இதெல்லாம் இப்போது சொல்லுகிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, ஒரு துண்டு போயிற்று, புதுக் கட்டரும் போயிற்று என்பதுதான்.

அன்று ஓரகத்தி போன் செய்து, எப்படி வருகிறது என்று கேட்டாளாம். நல்லா வருது என்று இவரைச் சொல்லச் சொன்னேன்.

அவளுக்குத் தெரியாத ஒன்றை நான் கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி வந்தது. அவள் வீடியோவில் பார்த்ததை எல்லாம் செய்வாள். வீடியோவில் இல்லாதது என்ன? எண்ணெய்தான் என்று நினைத்தேன். வீட்டில் செக்கில் ஆட்டின கடலை எண்ணெய் ஒரு டின் இருந்தது. தண்ணீரில் கலந்த கூலண்ட் ஆவியாகிறது, எண்ணெய் ஆவியாகாது, வழுக்கும். இவர் தூங்குகிற மத்தியான நேரத்தில் கட்டருக்குக் கரண்டியால் எண்ணெய் விட்டுக்கொண்டே வெட்டினேன். கொஞ்ச நேரம் வெண்ணெயாகப் போயிற்று. என் வயிறு குளிர்ந்தது. பிறகு புகை. கொட்டகை முழுக்க வாணலி வாசனை. அடுத்த வீட்டுப் பெண் மதில் மேலாக எட்டிப் பார்த்து, வடை சுடறீங்களா, எனக்கு ரெண்டு வையுங்க என்றாள். நான் பதில் சொல்வதற்குள் தட்டில் கிடந்த சீவல் பற்றிக்கொண்டு வெள்ளை வெளேரென்று எரிந்தது. இவர் எழுந்து ஓடி வந்தார். நான் தண்ணீர் வாளியைத் தூக்கினேன். இடது கையால் அதைத் தட்டிவிட்டு, பக்கத்தில் வீடு கட்டினவர்கள் விட்டுப்போன மணலை முறத்தில் அள்ளிக் கொட்டினார். எரிகிற டைட்டானியத்தில் தண்ணீர் பட்டால் இன்னும் மோசம் என்று பிறகு சொன்னார்.

“யாரு சொன்னாங்க உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“தம்பி பொண்டாட்டிதான்.”

நான் மணலை அள்ளினேன். இரண்டாவது துண்டும் போயிற்று. இனி இருக்கும் மூன்றும் சரியாக வந்தாக வேண்டும்.

அந்த வாரம் அவர்கள் வீட்டில் மாடி அறை கட்டி முடித்ததற்கு ஸ்தோத்திர ஜெபம் வைத்திருந்தார்கள். எங்களைக் குடிவைக்கக் காத்திருக்கிற அந்த அறைதான். போகாமல் இருக்க முடியுமா? போனோம். சபை ஐயர் வந்து ஜெபித்தார், பாட்டு முடிந்தது, எல்லோரும் அறையைப் பார்க்க மாடிக்கு ஏறினார்கள். ஓரகத்தி முன்னால் போனாள். நான் செருப்பை மாட்டுகிற மாதிரி பின்தங்கி, கீழே அவர்களுடைய மெஷின் இருக்கிற அறைக்குள் நுழைந்தேன்.

திருடப் போகிற மாதிரிதான் நுழைந்தேன். திருடத்தான் போனேன் என்று சொல்லலாம். மெஷின் எங்களுடையதைப் போலவேதான்; ஆனால் பச்சை பெயிண்ட் அடித்து வைத்திருந்தாள். கட்டரைப் பார்த்தேன். சாதா கட்டரைவிடக் கெட்டியான கார்பைடு, கருப்பாக, புத்தம் புதியது, நாலு பல். நாங்கள் அரை விரல் நீளத்துக்குத் தொங்கவிடுவோம். இவள் வெட்டுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் வெளியே விட்டு மீதியைப் பிடிக்குள் தள்ளியிருந்தாள். பெல்ட் மெதுவான சக்கரத்தில் கிடந்தது. பழைய கட்டர் டப்பா எங்கேயும் இல்லை. கீழே ஒரு வாளி. அதில் ஏர்கூலரில் இருக்கும் சின்ன மோட்டார். அதிலிருந்து ஒரு குழாய் நேராகக் கட்டரின் வாய்க்கு. பிரஷ் இல்லை, கரண்டி இல்லை. ஆறு மாதிரி ஓட விடுகிறாள். வாளிக்குப் பக்கத்தில் குடிக்கிற தண்ணீர் கேன். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. கூலண்ட் கலந்தால் மறுநாளே மேலே ஆடை மாதிரி பிரிந்து மிதக்கும். வெறும் தண்ணீரைத்தான் நான் தொட்டுத் தொட்டு வைத்திருக்கிறேன். அவள் வாளியில் விரலை விட்டேன். என்னுடையது நீர்மோர் என்றால் இது சுண்டக் காய்ச்சின பால். தட்டில் இருந்த சீவலையும் ஒரு பிடி எடுத்தேன். தடிப்பாக, குட்டை குட்டையாக, வெள்ளி நிறத்தில். ஊதாவே இல்லை. முந்தானையில் முடிந்தேன்.

“இன்னாக்கா, எல்லாரும் மேல போய்க்கினு இருக்காங்க. நீ இங்க இன்னா பண்றே?”

வாசலில் நின்றாள். கை கழுவத் தண்ணீர் தேடினேன் என்றேன்.

“கூலண்ட்லயா?”

என் விரல் நுனியில் வெள்ளை இருந்தது. முந்தானையின் முடிச்சையும் அவள் பார்த்தாள். தரையில் அப்படியே புதைந்துவிட மாட்டோமா என்று இருந்தது. அவள் திட்டவில்லை. உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தனக்கும் ஒரு துண்டு போயிற்று என்று சொன்னாள். பிறகு என்னிடம், என்னிடம் போய், ஒன்று கேட்டாள்.

“மொத்தமா வெட்டறப்ப ஒண்ணும் இல்லக்கா. கடைசி சுத்து, நைஸா எடுக்கறோம் பாரு, அப்ப துண்டோட செவுத்துல அலை அலையா கோடு வுழுது. ஸ்பீட மாத்திப் பாத்தேன், கட்டர மாத்திப் பாத்தேன். போவ மாட்டேன்னுது. உனுக்கு வுழுதா? நீ இன்னா பண்றே?”

எனக்குத் தெரியும். மேசை நெடுக்கே போகும், குறுக்கே போகும், மேலும் கீழும் போகும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுக் கைப்பிடி இருக்கிறது. சின்ன மெஷின் ஆகையால் உடம்பு நடுங்கும். கடைசிச் சுற்றின்போது, போகிற பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பூட்டிவிட்டால் நடுக்கம் நின்றுவிடும், கோடு விழாது. ஸ்டெயின்லெஸ் செய்கிற காலத்தில் நானாகக் கண்டது. இவருக்குக்கூடத் தெரியாது. என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்த ஒரே ஒரு கெட்டிக்காரத்தனம் அது.

“எனுக்கு இன்னாம்மா தெரியும். நான் அஞ்சாங்கிளாஸ்” என்றேன்.

கூச்சம் எனக்கு நிஜமாகவே உண்டு. ஆனால் அன்றைக்கு நான் சொன்னது கூச்சத்தினால் இல்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டு, சாப்பிட வா, கறி ஆறிப்போகுது என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பந்தியில் என் இலையில் இன்னும் இரண்டு துண்டம் போட்டாள். நான் தின்றேன்.

சித்தூர் வந்ததும் நல்ல கார்பைடு கட்டர் மூன்று வாங்கச் சொன்னேன். ஆடுகிற மெஷினில் கார்பைடு பல் தெறிக்கும் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். குட்டையாகப் பிடித்தால் தெறிக்காது என்றேன். உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். எனக்கே தோன்றியது என்றேன். துண்டுக்கு ஒன்று, புதியது, முதல் வெட்டிலிருந்தே. மழுங்கும்வரை காத்திருக்காமல் கழற்றிவிட வேண்டும். காகிதத்தைப் பிரிக்கும்போது, எடுத்த அன்றே புதுப் புடவையைக் கட்டுகிற மாதிரி எனக்கு உறுத்தியது. கேன் தண்ணீர் பத்துப் பங்கு, கூலண்ட் எண்ணெய் ஒரு பங்கு. தண்ணீரை எண்ணெயில் ஊற்றாமல் எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கினேன், அப்போதுதான் திரியாது. எங்கள் ஏர்கூலரிலிருந்து மோட்டாரைக் கழற்றினேன். சித்தூர் வெயிலில் இவர் பனை விசிறியோடு உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது. நான் பயந்தவள். இரண்டு சுற்று சுற்றினால் நிறுத்திப் பார்ப்பேன். டைட்டானியத்தில் அது ஆகாது. நிறுத்தினால் கட்டர் அதே இடத்தில் நின்று தேய்க்கும், தேய்த்தால் இறுகும். தயங்காமல் ஒரே சீராகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கோவிலில் பாடுகிற ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு அந்தத் தாளத்துக்குச் சக்கரத்தைச் சுற்றினேன். சரணம் முடிகிறவரை கையை எடுக்கவில்லை. அவள் தட்டில் கண்ட அதே சீவல் என் தட்டில் விழுந்தது. கடைசிச் சுற்றுக்கு இரண்டு பூட்டையும் இறுக்கினேன். மூன்று துண்டும் வந்தன.

கால் செய்கிறவர் முன்னால் இரண்டு வீட்டுத் துண்டுகளும் ஒரே மேசையில் இருந்தன. அளவெல்லாம் இரண்டிலும் சரி. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் சாய்வில் கீறிப் பார்த்தார். அவளுடைய துண்டுகளில் டிர்ர் என்று நகம் தட்டியது. என்னுடையவற்றில் நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று. இவற்றைத்தான் எடுத்துக்கொள்கிறேன் என்று என் மூன்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவள் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. அதைப் பார்ப்பதற்காக நான் இவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். பொய் சொல்லுவானேன், எனக்கு இனிப்பாக இருந்தது. பஸ்ஸில் சித்தூர் வரும்வரை அந்த முகத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

அவர்கள் வீட்டிலும் அதே பேச்சுதான் நடந்திருக்கிறது, இந்த வேலை வராவிட்டால் மெஷினை விற்றுவிடுவது என்று. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த மாதமே பச்சை மெஷின் போயிற்று.

எங்களுக்கு வேலை வந்தது, என் உடம்பு தாங்குவதற்கு மேலேயே வந்தது. நாள் முழுக்க நின்றால் கால் வீங்கியது. இவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தம்பிக்குப் போன் செய்து, வாரத்தில் மூன்று நாள் அவளை அனுப்பச் சொல்லிவிட்டார். அவள் சமையலறையில் நான் நிற்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன். அவள் என் கொட்டகையில் வந்து நின்றாள். காலை பஸ்ஸில் வருவாள். வந்ததும் மெஷினைத் துடைப்பாள், நான் துடைத்து வைத்திருந்தாலும்.

எனக்கு இப்போது ஒரே பயம், அந்தப் பூட்டு. அவள் மொத்த வெட்டு வெட்டுவாள்; கடைசிச் சுற்றை நான் எடுத்துக்கொண்டேன். அதற்கு முன் அவளை எங்கேயாவது அனுப்பிவிடுவேன். கேன் தண்ணீர் தீர்ந்துவிட்டது, கடையில் சொல்லிவிட்டு வா என்பேன். இவருக்கு மாத்திரை கொடு என்பேன். சாப்பிட்டுவிட்டு வா என்பேன். எப்பவும் என்னையே முன்னாடி துன்னச் சொல்றியேக்கா என்று சிரித்தாள். இரண்டு வாரம் இப்படி ஓடியது.

ஒருநாள் சாப்பிடப் போனவள் ஊறுகாய் கேட்க உடனே திரும்பி வந்தாள். என் இடது கை குறுக்குப் பூட்டின் மேல் இருந்தது. இறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பார்த்தாள், மேலே இன்னொரு பூட்டைப் பார்த்தாள், அதுவும் இறுகியிருந்தது. நான் அந்தச் சுற்றை முடிக்கிறவரை நின்று பார்த்தாள். நிறுத்தவும் முடியாது, நிறுத்தினால் துண்டு போய்விடும். முடித்ததும் அவளே கழற்றி நகத்தால் கீறிப் பார்த்தாள்.

“அப்போ உனுக்குத் தெரியும்.”

நான் கீழே பார்த்தேன்.

“எங்க மெஷின் போயிடுச்சுக்கா” என்றாள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். திறக்காத டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அடுத்த முறை வரவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. இவர் கேட்டபோது அவளுக்குக் காய்ச்சல் என்றேன். கால் செய்கிறவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். காலுக்காக யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். ஒரு நாளைக்கு ஒரு துண்டுக்கு மேல் என்னால் முடியவில்லை.

நானாக யாருக்கும் போன் செய்ததில்லை. இவர்தான் போட்டுக் கொடுப்பார். அன்றைக்கு போனில் அவள் படத்தைத் தேடி நானே அழுத்தினேன். எடுத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போன் செய்தேன். அந்த வார்த்தை வரவில்லை. என் வாயில் வந்தது வேறு.

“மேல் பூட்டு மொதல்ல. அப்புறம் குறுக்குப் பூட்டு. முழுசா நெரிக்காத, கால் சுத்து போதும். போற பக்கத்த மட்டும் வுட்டுரு. கடைசி சுத்துக்கு மட்டும்தான்.”

“எந்த மெஷின்ல இறுக்கறது?” என்று கேட்டாள். வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் வந்தாள். என்னோடு பேசவில்லை. நேராக மெஷினிடம் போய்ப் பூட்டுகளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். மொத்த வெட்டு முடிந்ததும் நான் வழக்கம்போல முன்னால் வந்தேன். அவள் நகரவில்லை. மேலே ஒரு கால் சுற்று, குறுக்கே ஒரு கால் சுற்று. பாட்டும் இல்லை, முணுமுணுப்பும் இல்லை. பத்தாவது படித்த கை, நேராகப் போய் நேராக வந்தது.

இவர் கண் மங்கினவர், எல்லாவற்றையும் கட்டை விரலால்தான் பார்ப்பார். அன்றைக்கு முடிந்த துண்டுகளை வரிசையாக எடுத்துத் தடவிக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றார். இது யாருது என்று கேட்டார். அவள் கூலண்ட் வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் இருந்திருந்தால் என்னுடையது என்றே ஆகியிருக்கும்.

“அவளுதுதான்” என்றேன்.

“கடைசி சுத்து இனிமே தம்பி பொண்டாட்டியே எடுக்கட்டும்மே. நீ வாளிய பாத்துக்கோ, மொத்த வெட்டு வெட்டு” என்றார்.

சரி என்றேன். அவள் அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது மட்டும், வாளிக்கு எண்ணெய் போதல, நாளன்னிக்கு இன்னும் ஒரு டம்ளர் சேத்து ஊத்து என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துவிட்டு, கொட்டகைக்குள் வந்து அந்தத் துண்டை எடுத்தேன். ஒரு கோடாவது இருக்கும் என்று நாலு சாய்வையும் நகத்தால் மேலிருந்து கீழாகக் கீறிப் பார்த்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி கீறினேன். இல்லை. துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.